கெடுவும் வாய்தாவும்

வேலைக்குப் போய்க்கொண்டு எழுத முடியவில்லை என்று சொல்லாத தமிழ் எழுத்தாளர்கள் குறைவு. காலையில் பஸ், பகலெல்லாம் கோப்பு, மாலையில் வீட்டுச் சாமான். ராத்திரி பத்து மணிக்கு நோட்டைத் திறந்தால் கண் சொருகுகிறது. இதற்கு வழக்கமாக இரண்டு மருந்துகள் சொல்வார்கள்: ஒன்று, வேலையை விட்டுவிடு; இல்லாவிட்டால், விடியுமுன் எழுந்திரு. இரண்டும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை. நேரம் என்பது பானையில் இருக்கும் அரிசி, வேலை அள்ளியது போக மிச்சம் இருப்பதில்தான் எழுத்து பொங்கவேண்டும் என்ற எண்ணம் அது. இந்தக் கணக்கு சரிதானா என்று உரசிப் பார்க்கத் திண்டுக்கல் நகரமும் அதைச் சுற்றிய சமவெளியும் தோதான இடம். சுமார் 120 ஆண்டுகளில் இந்த மண்ணோடு தொடர்புள்ள நான்கு எழுத்தாளர்கள் இதே சிக்கலை நான்கு விதமாக எதிர்கொண்டார்கள். அவர்கள் வாழ்க்கையைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. எழுத்துக்கான நேரம் யாருக்கும் மிச்சமாகக் கிடைத்ததில்லை. அந்த எழுத்துக்காக வேறு யாரோ காத்திருந்தபோது அது உண்டாயிற்று. காத்திருந்தவர் போனதும் அதுவும் போயிற்று.

கொடைக்கானல் மலைக்கு ஏறும் வழியில் இருக்கும் வத்தலக்குண்டில்தான் கதை தொடங்குகிறது. வெற்றிலைக் கொடிக்கால்களால் பெயர் பெற்றது என்று சொல்லப்படும் சிற்றூர். 1985இல் திண்டுக்கல் தனி மாவட்டமாகும் வரை மதுரை ஜில்லாவில் இருந்ததால், பழைய புத்தகங்கள் இவ்வூர்க்காரர்களை மதுரைப் பக்கத்தவர் என்றே எழுதும். தமிழின் தொடக்ககால நாவல்களில் ஒன்றை எழுதிய பி. ஆர். ராஜமய்யர் 1872இல் இங்கே பிறந்தார். மணிக்கொடியைச் சிறுகதைப் பத்திரிகையாக நடத்திய பி. எஸ். ராமையா 1905இல் பிறந்தார். 'எழுத்து' நடத்திய சி. சு. செல்லப்பா 1912இல் பிறந்தார். நாற்பது வருஷத்துக்குள் ஒரே ஊரில் மூன்று பேர். ஊரின் தண்ணீர் அப்படி என்று பெருமை பேசுவது எளிது. ஆனால் மூவருக்கும் பொதுவான இன்னொரு செய்தி இருக்கிறது: மூவருமே சென்னைக்குப் போய்த்தான் எழுத்தாளர் ஆனார்கள். திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரைக்கு 1875இல் ரயில் வந்துவிட்டது. அந்தப் பாதை வழியே எட்டிய சென்னையில் அச்சுக்கூடம் இருந்தது, பத்திரிகை இருந்தது, 'அடுத்தது எப்போது?' என்று கேட்கும் ஆசிரியர் இருந்தார். ஊரில் பொழுது இருந்தது; கேட்பார்தான் இல்லை.

ராஜமய்யர் மதுரையில் படித்துப் பிறகு சென்னை கிறித்தவக் கல்லூரியில் பி.ஏ. பட்டம் பெற்றவர். அக்காலத்தில் பட்டம் வாங்கிய பிராமண இளைஞர் பலரும் பிடித்த வழி சட்டம். அவரும் சட்டம் படித்தார், அது கைகூடவில்லை. 1892இல் சி. வி. சுவாமிநாதையர் 'விவேக சிந்தாமணி' என்ற மாதப் பத்திரிகையைத் தொடங்கினார். 1893 முதல் 1895 வரை அதில் ராஜமய்யர் ஒரு நீண்ட கதையைத் தவணை தவணையாக எழுதினார். அதன் முழுத்தலைப்பு 'ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்'. தொடங்கும்போது அவருக்கு வயது இருபத்தொன்றுதான். மதுரைப் பக்கத்துக் கிராமத்து அக்கிரகாரம், ஜல்லிக்கட்டு, பெண்கள் கூடிப் பேசும் வம்பு, தமிழ்ப் பண்டிதர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்று ஊர் முழுவதும் அதில் வந்து உட்கார்ந்தது. சென்னையில் வாழும் ஒரு பட்டதாரிக்கு வத்தலக்குண்டுப் பக்கத்தை இத்தனை நுணுக்கமாக நினைத்துப் பார்க்க வேறு என்ன அவசியம் இருந்தது? மாதம் ஒருமுறை ஒரு பத்திரிகை அவரிடம் பக்கம் கேட்டது. பத்திரிகையாளர்கள் 'கெடு' என்று சொல்வது இதைத்தான். நேரமில்லாதவனை விரட்டும் சாட்டை என்று கெடுவை நினைக்கிறோம். ராஜமய்யர் விஷயத்தில் அதுதான் நேரத்தையே கொண்டுவந்து கொடுத்தது.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: அவர் மேதை, பத்திரிகை இல்லாவிட்டாலும் எழுதியிருப்பார். இருக்கலாம். ஆனால் அடுத்து நடந்தது அப்படிச் சொல்ல இடம் தரவில்லை. விவேகானந்தரின் ஊக்கத்தோடு 1896 ஜூலையில் சென்னையில் 'பிரபுத்த பாரதம்' என்ற ஆங்கில மாத இதழ் தொடங்கியது. அதன் ஆசிரியர் பொறுப்பு இருபத்துநான்கு வயது ராஜமய்யரிடம் வந்தது. பல புனைபெயர்களைச் சூட்டிக்கொண்டு இதழின் பெரும்பகுதியை அவரே நிரப்பினார். வேதாந்தக் கட்டுரைகள் வந்தன. ஆங்கிலத்தில் ஒரு நாவலும் தொடராக வந்தது, அது முடியவில்லை. 1898 மே மாதம், இருபத்தாறு வயதில் அவர் இறந்தார். இதழ் நின்று, பிறகு இமயமலைப் பக்கம் அல்மோராவுக்குப் போயிற்று. 1895க்குப் பிறகு அவர் கையிலிருந்து இரண்டாவது தமிழ் நாவல் வரவில்லை. அவர் ஓய்ந்திருக்கவில்லை, முன்னைவிட அதிகமாகவே எழுதினார். காத்திருந்தவர்கள் மாறினார்கள், அதனால் மொழி மாறிற்று, வடிவம் மாறிற்று. மேதைமையும் உழைப்பும் அதே மனிதரிடம் அப்படியே இருக்க, எழுதப்படுவது எது என்பதைக் கேட்பவர் யார் என்பதே தீர்மானித்தது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து அதே ஊர்க்காரர் ஒருவர் கேட்கும் இடத்தில் போய் உட்கார்ந்தார். பி. எஸ். ராமையா உப்புச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். சில்லறை வேலைகள் பல பார்த்தவர். 1933இல் ஸ்டாலின் சீனிவாசன், வ. ரா., டி. எஸ். சொக்கலிங்கம் மூவரும் தொடங்கிய 'மணிக்கொடி', அரசியல் வாரப் பத்திரிகையாக நடந்து நின்றது. 1935இல் அதைச் சிறுகதைக்கான இதழாக மீண்டும் எழுப்பியவர் ராமையா. 1938 வரை அதை நடத்தினார். சன்மானம் கொடுக்க வக்கில்லாத பத்திரிகை அது. எழுதியவர்களில் பலர் வேறு வேலையில் வயிறு வளர்த்தவர்கள். பத்திரிகை ஆபீஸ், தாலுகா கச்சேரி, வக்கீல் தொழில் என்று ஆளுக்கொரு நுகத்தடி. இருந்தும் அந்த மூன்று ஆண்டுகளில் தமிழ்ச் சிறுகதைக்கு நடந்தது அதற்கு முன்னும் பின்னும் எந்த மூன்று ஆண்டிலும் நடந்ததில்லை என்று சொல்லலாம். பணம் தர முடியாத ராமையா வேறொன்று தந்தார்: இதழ் வரும், அதில் உன் பக்கம் காலியாக இருக்கிறது என்ற செய்தி.

இதற்கு மிகத் தெளிவான சான்று மௌனி. குடும்ப வசதி இருந்ததால் வேலைக்குப் போய்த் தீரவேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை. கணிதம் படித்தவர், சங்கீதம் கேட்டவர், கும்பகோணத்தில் பொழுது நிறைய இருந்தவர். 'நேரம் கிடைத்தால் எழுதுவேன்' என்பவர்கள் கனவு காணும் நிலைமை அவருடையது. ஆனால் ராமையா சந்தித்துத் தூண்டும் வரை அவர் கதை எழுத்தாளராக இல்லை. கதைகளைக் கேட்டு வாங்கி, மௌனி என்ற பெயரையும் சூட்டி, மணிக்கொடியில் வெளியிட்டவர் ராமையா. அந்த இதழ் நின்றபின் மௌனியின் எழுத்து மெல்ல வறண்டது. வாழ்நாள் முழுவதும் அவர் எழுதிய கதைகள் இரண்டு டஜன்தான்; அவற்றில் பெரும்பங்கு அந்தச் சில ஆண்டுகளில் வந்தவை. வேலை இல்லாததுதான் எழுத்தைப் பிறப்பிக்கும் என்றால், தமிழில் அதிகம் எழுதியவர் மௌனியாக இருந்திருக்க வேண்டும்.

கேட்பவராக இருப்பதற்கு ராமையா கொடுத்த விலையையும் பார்க்கவேண்டும். மணிக்கொடியிலிருந்து வெளியே வந்தவருக்குப் பிழைப்பு வேண்டியிருந்தது. சினிமாவுக்குக் கதை வசனம் எழுதினார், வாரப் பத்திரிகைகளுக்குக் கதைகள் எழுதினார், எஸ். வி. சகஸ்ரநாமத்தின் சேவா ஸ்டேஜுக்காக 'தேரோட்டி மகன்', 'போலீஸ்காரன் மகள்' போன்ற நாடகங்கள் எழுதினார். எழுத்தே தொழிலாகிவிட்டது. வேலைக்கும் எழுத்துக்கும் இடையே சண்டை இல்லை, ஏனென்றால் இரண்டும் ஒன்று. எழுதத் துடிக்கும் குமாஸ்தா ஏங்குவது இதற்குத்தானே? ஆனால் ராமையாவின் முன்னூறுக்கு மேற்பட்ட கதைகளில் நின்றவை எவை என்று விமர்சகர்கள் எண்ணும்போது, வாரக் கெடுவுக்குக் கொடுத்த பலவற்றைத் தள்ளிவிட்டுத்தான் எண்ணுகிறார்கள். அவருக்கு 1982ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருதை வாங்கித் தந்தது ஒரு கதைத் தொகுதிகூட அல்ல. மணிக்கொடி நாட்களைத் திரும்பிப் பார்த்து எழுதிய 'மணிக்கொடி காலம்'. அதுவும் ஓர் இலக்கியப் பத்திரிகை இடம் கொடுக்க, தொடராக எழுதியது. ஆகக் கெடு என்றால் எல்லாக் கெடுவும் ஒன்றல்ல. பக்கத்தை நிரப்பக் கேட்கிற கெடு ஒன்று. இந்த ஆள் எழுதினால்தான் ஆகும் என்று கேட்கிற கெடு இன்னொன்று. முதலாவது நேரத்தைக் கொடுத்துவிட்டுத் தரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இந்த வித்தியாசத்தை நன்றாக உணர்ந்தவர் செல்லப்பா. மணிக்கொடியில் கதை எழுதி வளர்ந்தவர். 1941இல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர். பத்திரிகைகளில் உத்தியோகம் பார்த்துக் கெடுவின் இரண்டு முகத்தையும் கண்டவர். 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கியபோது, இரண்டாயிரம் பிரதிக்கு மேல் அச்சிடுவதில்லை என்று அவரே வேலி போட்டுக்கொண்டார். கடையில் தொங்கவிட்டு விற்பதில்லை, சந்தாதாரருக்கு மட்டும்தான் என்றார். வியாபாரக் கண்ணுக்கு இது கிறுக்குத்தனம். நம் கேள்வியின் கண்ணுக்கு இது ஒரு கண்டுபிடிப்பு. காத்திருப்பவர் கூட்டம் பெருத்தால் அது பக்கம் நிரப்பச் சொல்லும். சிறுத்து இருந்தால்தான் எழுதுகிறவனை எழுதவிடும் என்று அவர் கணித்திருக்கிறார். இரண்டாயிரம் என்ற எல்லையை இதழ் ஒருநாளும் நெருங்கவில்லை என்பது வேறு விஷயம். 1970 வரை 119 இதழ்கள் வந்தன. தமிழ்ப் புதுக்கவிதை அங்கே நிலைபெற்றது. 1962இல் அவர் தொகுத்த 'புதுக்குரல்கள்' அதன் முதல் அடையாளம். அவருடைய சொந்த நாவல் 'ஜீவனாம்சம்' அதே இதழில் தொடராக வந்தது. அவருடைய சல்லிக்கட்டுக் கதையான 'வாடிவாசல்' அதே எழுத்துப் பிரசுரமாக நூலாயிற்று.

கவிஞர் ந. பிச்சமூர்த்தியின் அனுபவம் இதற்குப் பக்கபலம். கும்பகோணத்தில் வக்கீல் தொழில் பார்த்த அவர், 1930களின் கடைசியில் கோயில் நிர்வாக அதிகாரியாகி, 1950களின் நடுப்பகுதி வரை உத்தியோகத்தில் இருந்தார். மணிக்கொடிக் காலத்தில் கவிதையில் புதுவழி காட்டியவர், நடுவில் நீண்ட காலம் அந்த வழியில் போகவில்லை. 'பார்த்தீர்களா, உத்தியோகம் கவிஞனை விழுங்கிவிட்டது' என்று சொல்லத் தோன்றும். ஆனால் மணிக்கொடிக்கு எழுதிய நாளிலும் அவர் தொழில் பார்த்தவர்தான். நடுவில் இல்லாமல் போனது வேலையற்ற பொழுதைவிட, அந்த மாதிரிக் கவிதையைக் கேட்கும் ஒரு பத்திரிகைதான். 1959இல் எழுத்து வந்தது. பிச்சமூர்த்தியும் புதுக்கவிதைக்குத் திரும்பினார். அதற்குள் ஓய்வும் பெற்றிருந்தார் என்பது உண்மை. அந்த ஓய்வை நான் மறுக்கவில்லை. ஓய்வு மட்டும் போதும் என்பதைத்தான் மறுக்கிறேன். ஓய்வு பெற்றவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள்.

இங்கே கட்டுப்பாட்டுக்காரர்களின் மறுப்பைக் கேட்கவேண்டும். காத்திருப்பவர், பத்திரிகை என்பதெல்லாம் சாக்கு. விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து இரண்டு மணி நேரம் உட்காரத் தெரிந்தவன் எழுதிவிடுவான் என்பது அவர்கள் வாதம். ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப்பை உதாரணம் காட்டுவார்கள். அவர் தபால் இலாகா வேலைக்குப் போகுமுன் அதிகாலையில் கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் என்று எழுதியவர். ஆனால் அதே டிராலப், காலை ஐந்தரைக்கு மேஜையில் இருப்பதற்காகத் தன்னை எழுப்பிக் காபி கொடுக்க ஒரு வேலைக்காரரைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார் என்பதையும் அவரே பதிவு செய்திருக்கிறார். திண்டுக்கல் சமவெளியில் விடியற்காலை யாருடையது என்று பார்த்தால் வாதம் இன்னும் தெளிவாகும். நிலக்கோட்டைப் பக்கத்தில் மல்லிகை மொட்டு வெயில் ஏறுமுன் பறிக்கப்படவேண்டும். அந்த வேளை பூப்பறிப்பவர்களுக்கு ஏற்கெனவே விற்றுப்போன வேளை. சின்னாளப்பட்டியில் தறிக் குழியில் இறங்கி உட்கார்ந்தவருக்குக் கை, கால், கண் மூன்றும் நூலில் மாட்டியிருக்கும். 'சீக்கிரம் எழுந்திரு' என்ற புத்திமதி, விடியற்காலை இன்னும் சொந்தமாக இருப்பவர்களுக்கு மட்டும் சொல்லக்கூடியது. கட்டுப்பாடு கிடைத்த நேரத்தைக் காப்பாற்றும். நேரத்தைத் தோற்றுவிக்க அதனால் முடியாது.

இதுவரை சமவெளியிலிருந்து சென்னைக்குப் போனவர்களைப் பார்த்தோம். எதிர்த்திசையில் வந்தவர் டி. செல்வராஜ். 1938இல் திருநெல்வேலிப் பக்கம் தென்கலத்தில் பிறந்து, தாய் தந்தையர் தேயிலைத் தோட்டத்தில் இருந்த மூணாற்றில் வளர்ந்து, சட்டம் படித்து, திண்டுக்கல்லில் வக்கீலாக ஊன்றியவர். ராஜமய்யருக்குக் கைகூடாத சட்டம் இவருக்கு வாழ்நாள் தொழிலாயிற்று. வக்கீலின் நாள் எழுத்துக்கு ஏற்றது என்று யாரும் சொல்லமாட்டார்கள். கேஸ் எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் கோர்ட்டு வராந்தாவில் நிற்பது, கூப்பிட்டதும் வாய்தா வாங்குவது, கட்சிக்காரருக்கு அடுத்த தேதி சொல்லி அனுப்புவது என்று துண்டு துண்டாக நறுக்கப்பட்ட நாள் அது. நெல்லைச் சீமையின் விவசாயக் கூலிகளைப் பற்றிய 'மலரும் சருகும்' 1960களில் வந்தது; தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய 'தேநீர்' 1970களில் வந்தது. திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலாளர்களைப் பற்றிய பெருநாவலான 'தோல்' 2010இல், அவருடைய எழுபத்திரண்டாவது வயதில் வெளிவந்தது. 2012ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. பத்திரிகையின் கெடு எதுவும் இதன் பின்னால் இல்லை. வாய்தா மேல் வாய்தா வாங்கி நடந்த எழுத்து என்றே சொல்லலாம். அப்படியானால் என் வாதம் இங்கே உடைகிறதா?

விடை அந்தத் தொழிலுக்குள் இருக்கிறது. தோல் பதனிடுவதில் முதல் வேலை ஊறவைப்பது. பிறகு சுண்ணாம்புக் குழி. தோலை அதில் நாட்கணக்கில் போட்டு, இறங்கிப் புரட்டி, மயிர் கழன்று வரும் பதத்தில் எடுக்கவேண்டும். எடுத்ததைச் சரிந்த மரக்கட்டையில் விரித்து, இருபுறமும் பிடியுள்ள கத்தியால் ஒரு பக்கம் மயிரையும் மறுபக்கம் ஒட்டியிருக்கும் சதையையும் வழிக்கவேண்டும். அதன்பின் ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறி நிறமேறவேண்டும். சுண்ணாம்பு தோலை மட்டும் அரிப்பதில்லை; குழிக்குள் நிற்கும் காலையும் புரட்டும் கையையும் சேர்த்தே அரிக்கும். அந்தக் கையால் ராத்திரி பேனா பிடிப்பது பற்றிப் பேசுவது பரிகாசம். இந்த வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் தலித் மக்கள், அவர்களில் கிறித்தவரானவர்களும் உண்டு. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அவர்களைக் குழியோடு கட்டியிருந்தது. அவர்களை ஒன்றுசேர்த்துச் சங்கம் கட்டிய போராட்டத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. பாலசுப்ரமணியம் போன்றவர்கள் உழைத்தார்கள். அந்த வரலாறுதான் நாவலின் முதுகெலும்பு.

செல்வராஜிடம் இந்த மக்கள் வந்தது கதாபாத்திரங்களாக அல்ல, கட்சிக்காரர்களாகவும் சங்கத் தோழர்களாகவும். தொழிலாளர் பக்கம் நின்று வழக்காடியவர் அவர். ஒரு வழக்கில் வக்கீல் செய்யும் முதல் காரியம் கட்சிக்காரரை நடந்ததைச் சொல்லவைப்பது: எந்த நாள், எத்தனை மணி, யார் அடித்தான், யார் பார்த்தார், எவ்வளவு கடன், எந்தக் கையெழுத்து. நாவலாசிரியனுக்கு வேண்டிய விவரமும் இதுவே. அந்தச் சொல்லைக் கேட்பது வேலை நேரத்திலேயே நடந்தது; நாவலின் பாதி உழைப்பு வேலைக்கு உள்ளேயே முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். தங்கள் கதை எங்காவது ஏறவேண்டும் என்று எதிர்பார்த்து நின்றவர்களும் இருந்தார்கள். ஒரு தலைமுறையின் போராட்டமும், அதை நினைவில் சுமந்த சங்கமும், முற்போக்கு எழுத்தாளர் அமைப்பும் அவருக்குப் பின்னால் இருந்தன. மாதக் கெடு இல்லாவிட்டாலும் காத்திருந்தவர்கள் இல்லாமல் இல்லை. அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். அதனால் எழுத்து மெதுவாக வந்தது, கனமாகவும் வந்தது. வாய்தா வாங்கிக்கொண்டே போனாலும் வழக்கு தள்ளுபடி ஆகவில்லை, ஏனென்றால் வழக்காடி விடவில்லை.

இங்கே எழும் மறுப்புதான் மிகக் கடுமையானது: காத்திருப்பவர் இருந்தால் எழுத்து வரும் என்கிறாயே, சுண்ணாம்புக் குழியில் நின்றவரின் எழுத்துக்காக யார் காத்திருந்தார்? அவர் ஏன் தானே எழுதவில்லை? இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக்கூடாது. 1893இல் ஒரு பிராமணப் பட்டதாரியிடம் பத்திரிகை பக்கம் கேட்டது. அதே காலத்தில் தோல் உரிப்பவரின் மகனிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, கேட்டால் எழுதும்படி படிப்பும் கொடுக்கவில்லை. காத்திருப்பும் சாதி பார்த்து, வர்க்கம் பார்த்துத்தான் பங்கிடப்பட்டது. அதனால் என் வாதம் விழுந்துவிடவில்லை. அதன் கசப்பான பகுதி தெரிகிறது, அவ்வளவுதான். நேரம் தனி மனிதரின் ஒழுக்கத்தால் வருவது என்று நம்பினால், எழுதாத தொழிலாளியைச் சோம்பேறி என்று சொல்லவேண்டி வரும். அது ஏற்பாட்டால் வருவது என்று கண்டால், ஏற்பாடு யாருக்குச் செய்யப்பட்டது, யாருக்கு மறுக்கப்பட்டது என்று கேட்கலாம்.

ஏற்பாடு என்பது வெறும் சொல்லல்ல என்பதற்கு ஒரு நல்ல சாட்சி புகையிலைத் தொழில். திண்டுக்கல் சுருட்டு வெள்ளைக்காரர் காலத்தில் கடல்தாண்டிப் பேர் வாங்கிய சரக்கு. அதே சுருட்டுத் தொழிலில் கியூபாவின் ஹவானா நகரத்தில் 1865 வாக்கில் ஒரு வழக்கம் தொடங்கியது. தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து காசு போட்டு ஒருவரை அமர்த்தி, வேலை நேரத்தில் செய்தித்தாளும் நாவலும் உரக்கப் படிக்கச் சொன்னார்கள். கேரளத்துக் கண்ணூரில் பீடித் தொழிலாளர்கள் இதையே கூலி இல்லாமல் செய்தார்கள்: ஒருவர் பத்திரிகை படிப்பார், அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சேர்த்துச் சுற்றிக் கொடுப்பார்கள். சுருட்டும் பீடியும் கைக்கு வேலை கொடுத்துக் காதைச் சும்மா விட்டுவைப்பவை. அதனால் இது முடிந்தது. சுண்ணாம்புக் குழியில் அதற்கு வழியில்லை. கண்ணூர்க்காரர்கள் கண்டுபிடித்ததை அப்படியே எழுத்துக்கும் சொல்லலாம்: ஒருவருக்கு வாசிக்க நேரம் வேண்டுமென்றால் அவர் பங்கு வேலையை வேறு யாரோ சுற்றியாக வேண்டும்.

எழுத்தாளர் வீடுகளிலும் அந்தப் பங்கை யாரோ சுற்றினார்கள். எழுத்து இதழுக்காகச் செல்லப்பா பட்ட நஷ்டத்தைச் சொல்பவர்கள், அவர் புத்தகச் சுமையைத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக அலைந்ததையும், மனைவியின் நகைகள் போனதையும் சேர்த்துச் சொல்வார்கள். முதலாவதைத் தியாகம் என்று புகழ்கிறோம். இரண்டாவதை ஒரு வரியில் கடந்துவிடுகிறோம். இதழின் ஒவ்வொரு பக்கத்துக்கும் பின்னால் சமைத்துப் போட்டு, கடன்காரருக்குப் பதில் சொல்லி, கழுத்தைக் காலியாக்கிக்கொண்ட ஒருவரின் நேரமும் பொன்னும் இருந்தன. வத்தலக்குண்டின் பேர்பெற்ற மூவரும் ஆண்கள் என்பதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. தங்கள் பங்கைச் சுற்றிக் கொடுக்க ஆள் இருந்தவர்களின் பட்டியல் அது.

செல்லப்பாவின் கடைசி ஆண்டுகளை என் வாதத்துக்கு எதிராக வைக்கலாம் என்பதால் அதையும் எடுத்துக்கொள்வோம். எழுத்து நின்று இருபத்தேழு ஆண்டுகளுக்குப் பின், 1997இல், மூன்று பாகமாக 'சுதந்திர தாகம்' என்ற பெருநாவலை அவரே வெளியிட்டார். வயது எண்பத்தைந்து. பத்திரிகை இல்லை, கேட்ட பதிப்பகம் இல்லை, கெடு இல்லை. மறு ஆண்டு டிசம்பரில் இறந்தார். 2001ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது அவர் இல்லாதபோது வந்தது. யாரும் காத்திருக்காமலே எழுதிய எழுத்து என்று இதைச் சொல்லலாமா? அந்த நாவல் பேசுவது சுதந்திரப் போரில் சாதாரணத் தொண்டர்களாக இருந்தவர்களை. அவரோடு சிறைக்குப் போனவர்கள் அந்தத் தலைமுறைதான். கடைசி ஆண்டுகளில் அவர் எழுதிய இன்னொரு புத்தகம் 'பி. எஸ். ராமையாவின் சிறுகதைப் பாணி'. தன்னைக் கதை எழுதவைத்த ஊர்க்காரரைப் பற்றிய புத்தகம். அவருக்காகக் காத்திருந்தவர்களில் பலர் அப்போது உயிரோடு இல்லை. ஆனால் அவர் அவர்களுக்குப் பாக்கி வைத்திருந்ததாக நினைத்திருக்கிறார் என்பது எழுதத் தேர்ந்த பொருளிலேயே தெரிகிறது. அது விதிவிலக்குதான். ஆனால் அந்த விதிவிலக்கு எவ்வளவு தாமதமாக, எவ்வளவு செலவில் வந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

இன்று திண்டுக்கல்லில் வங்கியிலோ பள்ளியிலோ நூற்பாலையிலோ வேலை பார்த்துக்கொண்டு, எழுத நேரமில்லை என்று வருந்துகிறவர் தன் நாளில் எத்தனை மணி மிச்சம் என்று எண்ணுவதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம். அடுத்த பக்கத்தை யாருக்குக் கொடுக்கவேண்டும் என்ற கேள்விக்கு ஒரு பெயரைத் தேடிக்கொள்வது பலன் தரும்: ஒரு சிற்றிதழ், நான்கு பேர் கூடும் ஒரு வாசிப்புக் கூட்டம், ஒரு சங்கம், கதை கேட்கும் ஒரே ஒரு நண்பர். அதோடு, அந்த மணி நேரத்தில் தன் பங்கை யார் சுற்றுகிறார் என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும். அவருக்கும் சொல்ல ஒரு கதை இருக்கலாம். வத்தலக்குண்டுக்காரர்களில் ராமையாவின் பெயர் நிற்பதற்கு அவர் எழுதிய முன்னூறு கதைகள் ஒரு காரணம். மற்றவர்கள் எழுதியே ஆகவேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய சில டஜன் கதைகள் அதைவிடப் பெரிய காரணம்.